கெரெயும் கரையும்: ஒரு திருத்தம்

கன்னடக் 'கெரெ'யும் தமிழ்க் 'கரை'யும் ஒரே சொல் என்று சென்ற மாதம் இப்பக்கத்தில் எழுதியிருந்தேன். நண்பர்கள் பலர் பகிர்ந்தீர்கள். அது பிழை. எவ்வாறு நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மைசூரில் ஆய்வு செய்வோர்க்குக் குக்கரஹள்ளிக் கெரெ ஒரு மாலைநேர அடைக்கலம். மானசகங்கோத்ரி வளாகத்தை ஒட்டிக் கிடக்கும் இந்த ஏரியை 1864இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் பாசனத்திற்காக அமைப்பித்தார். சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மேடு பள்ளமில்லாத மண்பாதை. முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் கூசாமல் நடக்கிறார்கள். நீர்நடுத் திட்டுகளின் மரங்களில் கூழைக்கடாக்கள் அமர்ந்திருக்கும். நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். அப்பால் சாமுண்டி மலை.

நான் கடலோர ஊரில் பிறந்தவள். மாலையில் கரைக்குப் போய்வருவது எங்கள் வீட்டில் உணவு உண்பதைப் போன்ற வழக்கம். மைசூரிலிருந்து கடலைக் காண மேற்கே சென்றால் மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். கிழக்கே சென்றால் தமிழ்நாட்டையே தாண்ட வேண்டும். வந்த முதல் வாரத்தில் பெயர்ப்பலகையில் 'கெரெ' என்று எழுத்துக்கூட்டிப் படித்தபோது, இவ்வூரார் நீரையே கரை என்று அழைக்கிறார்கள் என எண்ணி நெஞ்சு நிறைந்தது. கரையைக் குறித்த சொல் கரைக்குள் அடங்கிய நீருக்கு ஆகிவந்தது என்று ஒரு விளக்கமும் கிடைத்துவிட்டது. அதைக் கட்டுரையாக்கினேன். ஒரு மாநாட்டில் சுருக்கமும் ஏற்கப்பட்டது.

இரண்டு வாரங்களுக்கு முன் கன்னட ஆய்வாளரான தோழி ஒருத்தியுடன் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். கட்டுரையைப் பெருமையோடு விவரித்தேன். "பழங்கன்னடக் கல்வெட்டுகளில் இச்சொல் வல்லின றகரத்தோடு அல்லவா வரும்? உங்கள் கரையில் இருப்பது இடையினமாயிற்றே" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு பாம்புத்தாராவைச் சுட்டிக்காட்டத் தொடங்கிவிட்டாள். எஞ்சிய சுற்று முழுவதும் நான் பேசவில்லை.

இன்றைய கன்னடத்தில் இரு ரகரங்களும் ஒன்றாகிவிட்டதால் கண் ஏமாந்தது எனலாம். ஆனால் உயிரெழுத்து ஏமாற்றவில்லையே. தமிழின் தலை, மலை, மனை ஆகியவை கன்னடத்தில் தலெ, மலெ, மனெ. அந்த வழியில் கரை 'கரெ' ஆகலாம்; 'கெரெ' ஆகாது. இலை எலெயாகவும் நிலை நெலெயாகவும் நிற்பதைப் பார்த்தால், கெறெக்கு ஈடான தமிழ்ச்சொல்லின் முதலுயிர் இகரமாக இருக்க வேண்டும். இ, எ ஆகிய முன்னுயிர்களுக்கு முன் கன்னடம் ககரத்தைக் காக்கும்; தமிழில் அது சகரமாகத் திரியும். கிவி–செவி, கிறு–சிறு. (கிளி, கெடு போல வளைநா ஒலி பின்வந்தால் தமிழிலும் திரிபில்லை, றகரம் அவ்வகையன்று.) ஆகவே கெறெயின் உடன்பிறப்பு சிறை. மலையாளத்தில் சிற, தெலுங்கில் செருவு. பர்ரோவும் எமனோவும் தம் திராவிட வேர்ச்சொல் அகராதியில் இவற்றை ஒரே பதிவில் வைத்திருக்கிறார்கள். நூலகத்தில் நாள்தோறும் என் முதுகுக்குப் பின்னால் இருந்த நூல் அது. இந்தத் திரிபு விதியை முதலாண்டு மாணவர்களுக்கு நானே நடத்தியும் இருக்கிறேன். கரை கிடைத்த மகிழ்ச்சியில் அகராதியைத் திறக்கத் தோன்றவில்லை.

சிறை என்றால் இன்று நமக்குக் கம்பிகள்தாம் நினைவுக்கு வரும். பழந்தமிழில் அது நீரைத் தடுத்து நிறுத்தும் அணையும் ஆகும். பெரும்படையைத் தனியொருவனாய்த் தாங்கி நிற்கும் வீரனுக்குத் தொல்காப்பியம் சொல்லும் உவமை கற்சிறை.

மறுநாள் மாலை தனியே சென்றேன். ஏரியின் ஒரு பக்கத்தில் பாதை உயர்ந்த மண்ணணையின் முதுகில் செல்கிறது. இடப்பக்கம் நீர், வலப்பக்கம் ஏரியைவிடத் தாழ்ந்த நிலம். மாதக்கணக்காக அதன்மேல் நடந்தும் கீழே பார்த்ததில்லை. நீர் கொண்டுவந்த பூர்ணய்யா கால்வாய் ஆக்கிரமிப்புகளால் சிதைந்த கதையை இங்கு நடப்போர் ஓயாமல் பேசுவார்கள். அதையும் அரைக்காதால்தான் கேட்டிருக்கிறேன்.

யாரும் கவனிக்கமாட்டார்கள், அடிக்குறிப்பில் ஒரு வரி சேர்த்துத் தப்பிக்கலாம் என்றும் இரண்டு நாள் எண்ணினேன். நேற்று மாநாட்டுக் குழுவுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பழைய பதிவை நீக்கவில்லை. அதன் தலைப்பில் இத்திருத்தத்தின் இணைப்பைச் சேர்த்திருக்கிறேன். அதைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிர வேண்டுகிறேன்.