அப்பாவின் பான்டம்

அப்பாவிடம் பி.எஸ்.ஏ. பான்டம் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அம்மா அதன் பின்னிருக்கையிலேயே கோயிலுக்குச் செல்வார். அவரது மறைவுக்குப் பின், பழுதாகிவிடும் என்று அஞ்சி எவரையும் தொடவிடாது மூடிவைத்தேன். அது கொட்டிலிலேயே துருவேறி, ஈற்றில் பழைய இரும்புக்குப் போனது.

சென்ற ஆண்டு இங்கிலாந்தில், மருமகன் வீட்டில் அதே வண்டியைக் கண்டேன். 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட பான்டங்களில் டி7 இரகம். 175 சிசிக்கும் குறைந்த சிறு இயந்திரம். 1965க்கு முந்திய வண்டிகளுக்கான மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென அதனை மாற்றிக்கொண்டிருந்தான்.

முன்விளக்கு, ஹோர்ன், பின்னிருக்கை எதுவும் இல்லை. சேற்றைப் பற்றும் கட்டை டயர்கள், அகன்ற ஹாண்டில், மேட்டில் இடிபடாதவாறு உயர்த்திய சைலன்சர். பின்பற்சில்லைப் பெரிதாக்கியிருந்தான், உச்சவேகம் குறையும், இழுவை கூடும் என்றான்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. “இப்படிக் குலைத்துவிட்டாயே” என்றேன்.

“சட்டகத்தை வெட்டவில்லை, மாமா” என்றவன், ஒரு பெட்டியைத் திறந்தான். கழற்றிய ஒவ்வொரு பாகமும் பெயர் எழுதி வைக்கப்பட்டிருந்தது. எந்நாளும் பழையபடி பூட்டலாமாம்.

பிறகு வண்டியை உதைத்தான். புகையுடன் எழுந்தது அந்தச் சத்தம். அந்திநேரத்தில் எங்கள் படலையடியில் கேட்டு, நான் ஓடிப்போய்த் திறந்த அதே சத்தம்.