தட்டும் படமும்

வயிறு பெரிதுதான், ஆனால் ஞாபகம் அதைவிடத் தாராளமானது. தின்றதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடும்! 1992-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பாருங்கள். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லையே என்று வருந்திய பத்துப் பேர், உண்டதைச் சராசரியாக 47 சதவிகிதம் குறைத்தே கணக்கு எழுதியிருந்தார்கள்.

என் ரத்தத்தில் சர்க்கரை ஏறியபோது, டாக்டர் கணக்கு எதுவும் கேட்கவில்லை. "சாப்பிடுவதையெல்லாம் கைபேசியில் படம் பிடித்து வாருங்கள்" என்றார்.

படத்தில் எண்ணெயின் அளவு தெரியாது. சோற்று மலையும் ஓரத்துக் கீரைத் துளியும் நன்றாகவே தெரிந்தன. ஆயினும் பெரிய லாபம் வேறு. முறுக்கை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் கைபேசியைத் தேடும் அரை நிமிஷம் இருக்கிறதே, அதில் ஒரு கேள்வி எழுகிறது: "பசிக்கிறதா?" பல தடவை முறுக்கு டப்பாவுக்கே திரும்பிப் போயிற்று.