தாகம் என்று சொல்லாத கிளி

கிளி வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஓர் ஆசை உண்டு. அதைப் பேச வைத்துவிட வேண்டும். 'வாங்க', 'உட்காருங்க', 'அக்கா' என்று கூண்டருகே நின்று நாளெல்லாம் பாடம் நடத்துவார்கள். வந்த விருந்தாளியைக் கிளி ஒரு முறை 'வாங்க' என்று அழைத்துவிட்டால் போதும், வீட்டுக்காரருக்குத் தம் பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட பெருமை. அந்த உபசாரத்தை நானும் பல வீடுகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் 'தாகமாயிருக்கிறது' என்ற சொல்லைக் கிளிக்குக் கற்றுக் கொடுத்தவர் எவரையும் இதுவரை நான் பார்த்ததில்லை.

என் வீட்டிலும் ஒரு கிளி இருக்கிறது. தோப்பில் பறக்கும் நம் ஊர்ப் பச்சைக்கிளி அல்ல. அதைப் பிடித்து அடைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று குற்றம். நியாயமான சட்டம்தான். என்னிடம் இருப்பது ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட காக்கட்டீல். தலையில் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சு நிறப் பொட்டு. என் மகளின் பிடிவாதத்தால் வந்தது. அவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். கிளி என் பொறுப்பில் நின்றுவிட்டது.

"வறண்ட நாட்டுப் பறவைதானே, ஒரு வேளை தண்ணீர் தவறினால் என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வறண்ட நாட்டில் அது சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஐயா; நீரைத் தேடி வெகுதூரம் பறக்கிறது. கூண்டுக்குள் அது தேடக்கூடிய தூரம் ஒன்றரை முழம். ஆறு, குளம், மழை எல்லாம் அதற்கு நாம் வைக்கும் ஒரு கிண்ணம்தான்.

பறவைக்கு வியர்ப்பதில்லை. சித்திரை வெயிலில் அது அலகைத் திறந்து, சிறகைச் சற்றே விலக்கிக்கொண்டு இரைக்கும். அந்த மூச்சோடு உடம்பின் ஈரமும் போகிறது. தின்பதோ தினை, சூரியகாந்தி விதை போன்ற உலர்ந்த தானியம். அதனால் காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுகிறேன். வெயில் நாட்களில் நடுப்பகலிலும். கிண்ணத்தின் உள்ளே விரலை வைத்தால் வழவழக்கக் கூடாது. உட்காரும் கம்புக்கு நேர் கீழே கிண்ணத்தை வைத்தால் எச்சம் அதில்தான் விழும். சத்து மருந்தைத் தண்ணீரில் கலப்பதும் வேண்டாத வேலை. ருசி மாறினால் கிளி குடிக்காமலே இருந்துவிடும். ஒரு வெள்ளரித் துண்டு, கழுவிய ஈரம் காயாத கீரை, இவை நல்லவை.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் கோடை விடுமுறையில் நான்கு நாள் ஊருக்குப் போனது. கூண்டில் புதிதாக வாங்கிய தண்ணீர்ப் பாட்டிலை நிரம்ப நிரப்பி மாட்டிவிட்டுத்தான் போனார்கள். அந்தப் பாட்டிலின் குழாய் நுனியில் ஒரு சிறிய உருண்டை உண்டு. கிளி அதைத் தள்ளினால் சொட்டுச் சொட்டாக நீர் வரும். உருண்டை சிக்கிக்கொண்டுவிட்டது. திரும்பி வந்தபோது பாட்டில் அப்படியே நிறைந்திருந்தது. கிளி கீழே கிடந்தது. "நிறையத் தண்ணீர் வைத்தோமே, மாமா!" என்று அந்த வீட்டுச் சிறுமி என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் சொன்னது உண்மைதான். தண்ணீர் வைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். அது குடித்ததைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

குடித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூண்டின் அடியில் விரித்த காகிதத்தைப் பார்த்தால் போதும். நல்ல எச்சத்தில் மூன்று பகுதிகள் இருக்கும்: பசுமையான கெட்டிப் பகுதி, வெண்மை, சுற்றிலும் கொஞ்சம் ஈரம். அந்த ஈரம் வற்றினால் கவனிக்க வேண்டும். கண் குழிந்து, இறகை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் சோர்ந்திருந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். பதறிப்போய் அலகைப் பிளந்து தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. உயிர் காக்க ஊற்றிய நீர் உயிரை வாங்கிவிடும்.

ஆகவே, காலையில் எனக்கு இரண்டு பத்திரிகைகள். ஒன்று வாசலில் வந்து விழுவது. மற்றது கூண்டின் அடியிலிருந்து எடுப்பது. இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "உங்கள் கிளி பேசுமா?" என்று ஆவலோடு கேட்கிறார்கள். பேசாது என்றதும் முகம் வாடிவிடுகிறது. பேசாவிட்டால் என்ன? அது எழுதுகிறதை ஒருவன் தினமும் தவறாமல் வாசிக்கிறானே!