ரஷ் கிரீக்குக்காக வழக்காடியவர்களுக்கு

மதிப்பிற்குரிய தூண்டில்காரர்களுக்கு,

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலையின் கிழக்கு அடிவாரத்தில், 1984இல் நீங்கள் மீட்டுக்கொடுத்த ரஷ் கிரீக் ஓடையில் ஃப்ளை என்ற போலிப் பூச்சியைப் போட்டு மீன் பிடிப்பவன் நான். உங்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

மேற்கிலிருந்து வரும் மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் சேஜ்பிரஷ் புதரும் எரிமலை நுரைக்கல்லும்தான். அந்த வறண்ட காட்டின் நடுவே பனி உருகிய தண்ணீர் ஓடி, மீனே வாழாத உப்பு ஏரியான மோனோவில் விழுகிறது. 1941 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இந்தத் தண்ணீரை 300 மைலுக்கும் அப்பால் கொண்டுபோனது. கிராண்ட் ஏரி அணைக்குக் கீழே ஓடை காய்ந்தது, கரை மரங்கள் பட்டுப்போயின.

1980களின் தொடக்கத்தில் பனி கொட்டியது. அணை நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீரோடு பிரவுன் டிரவுட் மீனும் இறங்கி வந்து குடியேறிவிட்டது. நகரம் மறுபடி தண்ணீரை அடைக்கப் பார்த்தபோது, பிடித்தவரை லாபமென்று நீங்கள் கூடையை நிரப்பிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் நீதிமன்றப் படியேறினீர்கள். அணைக்கு உரியவர் கீழே உள்ள மீன்கள் நல்லபடி இருக்கும் அளவு தண்ணீர் விட வேண்டும் என்கிறது மாநில மீன்வளச் சட்டத்தின் 5937ஆம் பிரிவு. ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த அதைத் தட்டி எழுப்பினீர்கள். விநாடிக்கு 19 கன அடி விடச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது.

இத்தனைக்கும் இந்த மீன் மண்ணின் மைந்தன் அல்ல. இதன் முட்டைகள் 1883இல் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி அமெரிக்கா வந்தவை. மோனோ ஓடைகளில் ஆதியில் மீனே கிடையாது. ஆனால் கொண்டுவந்து விட்ட மீனோ, ஏற்கெனவே இருந்த மீனோ, அந்தச் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். விசா அலுவலகங்கள் இவ்வளவு தாராளமாக இருந்து நான் பார்த்ததில்லை!

இங்கே வில்லோ மரங்கள் மறுபடி நெருங்கி வளர்ந்துவிட்டன. கோலைப் பின்னுக்கு வீச இடம் தேட வேண்டியிருக்கிறது. மண்டியிட்டு, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக கேடிஸ் ஃப்ளையை வீசி, அரித்த கரையோரம் அது தானாக மிதந்து வரும்படி விட வேண்டும். நரம்பு இழுபட்டு ஃப்ளை தண்ணீரில் ஒரு விரற்கடை கோடு கிழித்தாலும் போச்சு, பெரிய மீன் தலைகாட்டாது. சிக்கினால், வெண்ணெய் நிற வயிறும், பக்கவாட்டில் வெளிர் வளையத்துக்குள் சிவப்புப் பொட்டுகளும் தெரியும். முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாததால் சட்டென்று கழன்றுவிடும். தண்ணீருக்குள் வைத்தே விட்டுவிடுகிறேன்.

உங்கள் வழக்கும் மோனோ ஏரிக்காகப் போராடியவர்களின் வழக்கும் சேர்ந்துதான் 1994இல் மாநில நீர் வாரியத்தின் 1631ஆம் தீர்மானத்தில் போய் முடிந்தன. ஓடைகளுக்கு நிரந்தரமாகத் தண்ணீர் உறுதியானது. ஏரி மட்டும் கடல் மட்டத்திலிருந்து 6,392 அடிக்கு ஏற வேண்டும் என்ற இலக்கை இன்னும் எட்டவில்லை. அந்தக் கணக்கு பாக்கி. உங்கள் வழியில் வந்தவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இலையுதிர் காலத்தில் இந்த மீன்கள் சரளைக்கல்லைப் பறித்து முட்டையிடும். அந்த நாட்களில் ஓடைக்குள் கால் வைக்காமல் கரையோடு நடக்கிறேன். என்னால் முடிந்த கைம்மாறு இவ்வளவுதான்.


ஒரு தூண்டில்காரன்