மணிக்கு 60 கேள்வி

திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு. அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவள். 2024-ல் முதல் முறை நீட் எழுதினாள். மருத்துவ இடம் கிடைக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு வருஷம் குடும்மா. அதுக்கு மேல கேட்க மாட்டேன்" என்றாள்.

அந்த ஒரு வருஷத்தின் விலை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கூடப் படித்தவர்களில் சிலர் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். சிலர் செக்கிங், பேக்கிங் என்று கம்பெனிக்குப் போய் சனிக்கிழமை சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். இவள் வீட்டிலேயே உட்கார்ந்து படிக்க, அம்மா வாரத்தில் நாலு நாள் ஒன்றரை ஷிப்ட் பார்த்தாள்.

எட்டு மாதம் ஒழுங்காகப் போனது. 2025 ஜனவரி கடைசியில் தேசியத் தேர்வு முகமை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நீட் தேர்வின் முறை மாறுகிறது. பரீட்சைக்கு நூறு நாள்கூட இல்லை.

மாற்றம் இதுதான். கொரோனா காலத்தில், 2021-லிருந்து, வினாத்தாளில் 200 கேள்விகள் இருக்கும். அதில் 180-க்கு விடை எழுதினால் போதும். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஒவ்வொன்றிலும் கடைசிப் பகுதியில் 15 கேள்விகள் கொடுத்து, ஏதாவது 10 எழுதச் சொல்வார்கள். 2022 முதல் 2024 வரை நேரமும் 200 நிமிடம். இனி அந்த விருப்பப் பகுதி கிடையாது. மொத்தமே 180 கேள்விகள், 180 நிமிடங்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும் என்பதும், மொத்தம் 720 என்பதும் மாறவில்லை.

கேட்பதற்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் இயற்பியல் என்றால் பயப்படுகிற பிள்ளைக்கு, பாடத்துக்கு ஐந்து கேள்வியை விட்டுவிடலாம் என்பது பெரிய ஆறுதல். அது போய்விட்டது. முன்பு ஒரு கேள்விக்குச் சராசரியாக 66 விநாடிக்கு மேல் கிடைத்தது. இப்போது சரியாக 60. ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவதும் அந்த அறுபதுக்குள்தான்.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. வேலை முடிந்து வந்த அம்மா என்னவென்று கேட்டாள். மகள் சொல்லச் சொல்ல, கணக்கு மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது.

"மணிக்கு 60 கேள்வியா? எங்க லைன்லயும் மணிக்கு இத்தனை பீஸ்னுதான் டார்கெட்டு."

"அது தைக்கறதும்மா. இது யோசிக்கணும்."

"யோசி கண்ணு, வேண்டாங்கல. ஆனா நூல் அறுத்துக்கிட்டே இருக்கற பீஸைக் கையில வெச்சுக்கிட்டு நாங்க உட்கார்ந்திருக்க மாட்டோம். ஓரமாப் போட்டுட்டு அடுத்த பீஸை எடுப்போம். கட்டு முடிஞ்சதும் அதுக்கு வருவோம். ஒரு பீஸுக்காக ஒரு கட்டையே விட்டா சூப்பர்வைசர் சும்மா இருப்பாரா?"

மகள் அப்போது பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவள் எழுதிய மாதிரித் தேர்வில், முதல் சுற்றில் கையைக் கடித்த கேள்விகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்திருந்தாள். இயற்பியலில் ஒரே கணக்கோடு நாலு நிமிடம் மல்லுக்கட்டினால், உயிரியலில் தெரிந்த ஆறேழு கேள்விகள் கைவிட்டுப் போகும் என்பது அந்தத் தாளில் அவளுக்கே தெரிந்தது.

அடுத்த பிரச்சினை பயிற்சித் தாள்கள். கையில் இருந்தவை எல்லாம் 2021-க்குப் பிறகு வந்த 200 கேள்வித் தாள்கள். அவளுடைய பள்ளி உயிரியல் ஆசிரியைதான் வழி சொன்னார். "இது புது முறை இல்லம்மா, பழைய முறைதான் திரும்பி வருது. 2020-ம் அதுக்கு முன்னாடியும் வந்த தாளை எடு. அதுல 180 கேள்வி, மூணு மணி நேரம்தான்."

பழைய புத்தகக் கடையில் அந்தத் தொகுப்பு கிடைத்தது. ஆனால் 2024-லேயே பாடத்திட்டம் குறைக்கப்பட்டிருந்ததால், இப்போது இல்லாத பாடங்களின் கேள்விகளை முதலில் பென்சிலால் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து 5 மணிக்கு எழுந்தாள். நிஜத் தேர்வும் அதே நேரம்தான். திருப்பூரில் மிஷின் சத்தம் ஓய்கிற ஒரே நாளும் அதுதான். தெரிந்த பாடம் முதலில் என்று 90 உயிரியல் கேள்விகளுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 60, புள்ளி வைத்ததைத் திரும்பிப் பார்க்கக் கடைசி 20 நிமிடம் என்று பிரித்துக்கொண்டாள்.

தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் வட்டமிடலாமா என்பதற்கும் ஒரு கணக்குப் போட்டாள். நான்கு விடைகளில் ஒன்றும் தெரியாமல் நான்கு கேள்விக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தப்பாகும். 4 வரும், 3 போகும். மிச்சம் ஒன்றே ஒன்று, அதுவும் நிச்சயமில்லை. இரண்டு விடைகள் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், இரண்டு கேள்விக்கு 4 வந்து 1 போகும். மிச்சம் 3. ஆகவே இரண்டையாவது அடிக்க முடிந்தால் மட்டுமே குறிப்பது, இல்லையேல் விடுவது என்று முடிவெடுத்தாள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி. 2018-ல் 49 கேள்விகளின் தமிழாக்கத்தில் பிழை என்று வழக்கு வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதனால் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் கலைச்சொற்களைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஒரு நோட்டில் எழுதி, ராத்திரி பாத்திரம் கழுவும்போது அம்மாவிடம் ஒப்பித்தாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு 'மைட்டோகாண்ட்ரியா' மனப்பாடம் ஆகிவிட்டது.

மே 4, ஞாயிற்றுக்கிழமை தேர்வு. முழுக்கை கூடாது, பெரிய பட்டன் கூடாது, ஷூ கூடாது. காதர்பேட்டையில் வாங்கிய சாதாரண அரைக்கை டி-ஷர்ட்டை அம்மா உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துத்தான் கொடுத்தாள். அது தொழில் பழக்கம்.

அந்த வருடம் இயற்பியல் பலரையும் திணறடித்தது. மாலையில் வெளியே வந்த மகள், "பிசிக்ஸ்ல பதினெட்டு விட்டுட்டேம்மா" என்றாள். குரலில் அழுகை இல்லை. "பயாலஜி முழுசா முடிச்சேன். ரெண்டு தடவை பார்த்தேன்."

ஜூன் 14-ல் முடிவு வந்தது. முந்தைய வருடத்தைவிட அவளுக்கு 11 மதிப்பெண் குறைவு. அப்பாவின் முகம் வாடியது. ஆனால் 2024-ல் 720-க்கு 720 வாங்கியவர்கள் இருந்தார்கள். 2025-ல் நாட்டின் முதல் மதிப்பெண்ணே 686. பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 162-லிருந்து 144-க்கு இறங்கியிருந்தது. மதிப்பெண் குறைந்தும் அவளுடைய தரவரிசை முன்னேறியிருந்தது. தேர்வு முறை மாறும் வருடத்தில் போன வருட மார்க்கோடு ஒப்பிட்டுப் பிள்ளைகளைத் திட்டுகிற வீடுகள் கவனிக்க வேண்டியது இது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தாள். கூடவே, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடக்கும் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் விண்ணப்பித்தாள். இரண்டாவது விண்ணப்பத்தைப் பார்த்து அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"இந்தத் தடவை கிடைக்கலைன்னா இன்னொரு வருஷம் படி அம்முணி. நான் ஷிப்ட் பார்த்துக்கறேன்."

"வேண்டாம்மா. ஒரு வருஷம்னு சொன்னேன், முடிஞ்சுது. சீட் கிடைச்சா தாராபுரம் ரோடு மெடிக்கல் காலேஜா இருந்தாலும் சரி, கன்னியாகுமரியா இருந்தாலும் சரி, போறேன். கிடைக்கலைன்னா நர்சிங். ரெண்டுலயும் ஆஸ்பத்திரியிலதான் இருப்பேன்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்த வாரம் இரண்டு நாள் மட்டும் ஒன்றரை ஷிப்ட் வருவதாகச் சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள்.