வால் இலக்கம்

எங்கள் ஊருக்கு மேலால் விமானங்கள் போகும், இறங்கியதில்லை. கட்டுநாயக்காவிலிருந்து பாங்கொக் திசையில் போகிறவை கிழக்குக் கரையைத் தாண்டி வங்கக் கடலுக்குள் நுழையும் உயரத்தில், மருதமுனைக் கடற்கரையில் நிற்பவனுக்கு அவை ஒரு வெள்ளைக் கீறல் மட்டுமே. அந்தக் கீறலுக்கு முன்னால் என்ன வகை விமானம் போகிறது, யாருடையது, அதன் பதிவு இலக்கம் என்ன என்று அறிய ஆசைப்படுவது ஒரு பைத்தியம் என்றே ஊரில் பேர். 'ஆகாயத்தப் பாத்துப் பாத்து மாப்புள ஒருநாளைக்கு ஆத்துக்குள்ள உழப்போறாரு' என்று மச்சான்மார் சொல்வார்கள். லண்டனிலும் அம்ஸ்டர்டாமிலும் இதே பைத்தியம் பிடித்தவர்கள் ஏணியும் சாப்பாட்டுப் பெட்டியுமாக விமான நிலைய வேலியோரத்தில் நாள் முழுக்க நிற்கிறார்கள். அங்கே இது மீன் பிடிப்பதைப் போல மரியாதையான பொழுதுபோக்கு.

என் தலைமுறைக்கு விமானம் முதலில் சத்தமாகவே அறிமுகமானது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்தபோது எனக்கு ஒன்பது வயது. வாப்பாவுக்குக் கைத்தறி. தறி ஓடும்போது வேறொன்றும் காதில் விழாது. நாடா போய்வரும் சத்தமும் மிதியின் சத்தமும் வீட்டை நிறைத்திருக்கும். ஆகவே சத்தத்துக்குக் காவல் இருப்பது உம்மாவின் வேலையாயிற்று. 'தறிய நிப்பாட்டுங்க, வருது' என்பார். தறி நிற்கும். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். ஹெலியா, பொம்பரா என்று வாப்பா சொல்வார். பிறகு நானும் சொல்லப் பழகினேன். ஹெலியின் சத்தம் நெஞ்சில் தட்டும். எண்பதுகளில் வந்த சியாமாசெட்டி சிறிய விமானம், தும்பி போல இரையும், திரும்பும்போது இரைச்சல் ஏறும். 1996இலிருந்து கிபிர். அதைக் கேட்டால் அது ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். குண்டு தள்ளிய சரக்கு விமானத்துக்கு யாழ்ப்பாணத்தவர்கள் 'சகடை' என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு சமூகம் விமானங்களுக்குச் சொந்தமாகப் பெயர் வைக்கிறதென்றால் அது எந்த நிலையில் வாழ்கிறது என்பதை வேறு சொல்லத் தேவையில்லை.

எங்களுக்கு மேலால் போனவை பெரும்பாலும் படுவான்கரைப் பக்கம் போயின. இரைச்சல் தேய்ந்ததும் உம்மா 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார், தறி மறுபடி ஓடத் தொடங்கும். அது யாருடைய கூரையை நோக்கிப் போனது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதாக நினைவில்லை. அந்த வருடம் எங்கள் பக்கமும் மையித்துகள் விழுந்துகொண்டிருந்தன; ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். என்றாலும் அந்தக் கேட்காமை எனக்குள் இன்னும் கிடக்கிறது.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, சில நாட்கள் கழித்து ஒரு ஹெலிகொப்டர் கரையோரமாகப் பறந்தது. பிள்ளைகள் ஓடி ஒளிக்கவில்லை. கைகளை ஆட்டினார்கள். எங்கள் மூத்தம்மா மாத்திரம் பழக்கதோஷத்தில் இடிந்த சுவரொன்றோடு ஒட்டி நின்றார்.

விமானத்தைக் கிட்ட நின்று பார்க்க முதலில் வாய்த்தது காக்கா சவூதிக்குப் போனபோது. கிழக்கில் ஒருவன் வெளிநாடு போனால் வான் பிடித்து வீடே போகும். மலையேறி இறங்கி, சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி, விடியும்போது கட்டுநாயக்கா. உம்மா அழுதுகொண்டிருந்தார். நான் காக்காவைக் கவனிக்காமல், வானில் ஏறுகின்ற ஒரு விமானத்தின் வயிற்றுக்குள் சக்கரங்கள் மடிந்து மறைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை பாரம் இவ்வளவு அமைதியாக மேலே போகுமா என்றிருந்தது. பயப்படாமல் ஒரு விமானத்தைப் பார்க்கலாம் என்பதே எனக்குப் புதிய செய்தி.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், கொழும்பில் வேலை கிடைத்து, ஒரு பழைய கெமராவும் நீண்ட லென்ஸும் கைக்கு வந்த பிறகு, விடுமுறை நாட்களில் நீர்கொழும்புப் பக்கம் பஸ் ஏறத் தொடங்கினேன். இந்தப் பொழுதுபோக்கில் பாதி, காற்றைப் படிப்பது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், எதிர்த்துத்தான் ஏறும். ஓடுபாதையின் இரு முனைகளிலும் எழுதப்பட்டிருக்கும் 04, 22 என்பவை திசைகாட்டிப் பாகைகளின் சுருக்கம்: 40, 220. வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்து காற்று வரும்போது விமானங்கள் களப்புப் பக்கமாகத் தாழ்ந்து வரும். தென்மேற்குப் பருவத்தில் தலைகீழ், உள்நாட்டுப் பக்கமிருந்து தென்னந்தோப்புகளுக்கு மேலால் வரும். பருவத்தை அறியாதவன் ஓடுபாதையின் பிழையான முனையில் நாள் முழுக்க நின்று விமானங்களின் முதுகைப் படமெடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். வங்கக் கடலில் மீனவர்களுக்குத் தெரிந்த அதே காற்றுத்தான். வாடை என்றும் கச்சான் என்றும் எங்கள் கரைவலைக்காரர்கள் சொல்வதை அங்கே 04 என்றும் 22 என்றும் சொல்கிறார்கள்.

வேலியோரத்தில் எனக்குக் கிடைத்த நண்பர்கள் சிங்கள இளைஞர்கள். ஒருவன் வாகனத் திருத்துநர், ஒருவன் இன்னும் படித்துக்கொண்டிருந்தவன். எங்களுக்கிடையில் பொதுவாக இருந்த மொழி என்ஜின்களின் பெயர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தில் வகை சொல்வதைப் பார்த்து அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எங்கே படித்தாய் என்று கேட்டான் ஒருவன். வீட்டில் என்றேன். அவன் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டான், நானும் விட்டுவிட்டேன்.

அன்றாடம் வருகிறவற்றைப் படமெடுத்துச் சலித்தவனுக்கு அபூர்வமானதுதான் இரை. 2017இல் கட்டுநாயக்கா ஓடுபாதையைப் புதுப்பித்து முடித்த பின், ஓகஸ்ட் 14இல் எமிரேட்ஸின் இரட்டைத் தட்டு ஏ380 ஒன்று அதில் வந்திறங்கியது. 2018 ஏப்ரல் 18இல் உலகத்தின் மிகப் பெரிய சரக்கு விமானமான அந்தோனோவ் 225, எரிபொருள் நிரப்ப மத்தளைக்கு வந்து போனது. ஆறு என்ஜின்கள், ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு 88 மீற்றர். சோவியத்தின் விண்ணோடத்தைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது, 1988இல் முதலில் பறந்தது. அந்த வகையில் பறந்தது ஒன்றே ஒன்றுதான். நான் அதைக் காணவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். 2022 பெப்ரவரியில், ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த முதல் நாட்களில், கீவ் நகருக்கு அருகே ஹொஸ்தொமெல் தளத்தில் அது எரிந்து போயிற்று. அதன் பெயர் 'மிரியா'. உக்ரைன் மொழியில் கனவு.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வேலியோரம் எனக்கு வேறாகிவிட்டது. 26ஆந் திகதி இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் பிள்ளைகளோடு சேர்த்து வெடிக்கவைத்துக்கொண்டார்களே, அது எங்களூரிலிருந்து முச்சக்கரவண்டியில் போகின்ற தூரம். அதற்குப் பிந்திய மாதங்களில் கெமராவை அலுமாரியிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. வருட இறுதியில் ஒருநாள் எடுத்துக்கொண்டு போனேன். எந்த இடம் என்று இங்கே எழுதவில்லை. பொதுப் பாதையோரம், அங்கே படமெடுக்கக் கூடாது என்ற பலகை எதுவும் இல்லை. என்னோடு நின்ற வேறு இருவரிடம் கேட்கப்படாத அடையாள அட்டை என்னிடம் கேட்கப்பட்டது.

'கல்முனையா? சாய்ந்தமருதுக்குப் பக்கமா?'

பக்கம்தான் என்றேன். கெமராவைக் கேட்டார்கள், கொடுத்தேன். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர் ஓரிடத்தில் நின்று கேட்டார்: 'ஏன் மல்லி எல்லாவற்றிலும் வால் பக்கத்தையே எடுத்திருக்கிறாய்?'

நியாயமான கேள்வி. வால் பக்கத்தில்தான் இலக்கம் இருக்கிறது. இலங்கையில் பதிந்தவை 4ஆர் என்று தொடங்கும், அமெரிக்காவினவை என் என்ற எழுத்தில் தொடங்கும். நிறம் மாறும், கம்பனி மாறும், பெயர் மாறும். சிலவேளை இலக்கமும் மாறும். ஆனால் மாற்றினால் மாற்றிய தடயம் ஒரு பதிவேட்டில் கிடக்கும். தேயிலைக் கோப்பை ஆறும்வரை இதை விளக்கினேன். இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் விட்டார்கள். கெமராவைத் திருப்பித் தந்தார்கள், அட்டையில் ஒரு படமும் இல்லை. என்னோடு நின்ற இருவரும் அதுவரை எனக்காக வீதியில் காத்திருந்தார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

காவலிருப்பவரின் பயத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 1986 மே 3இல் கட்டுநாயக்காவில் எயார் லங்கா ட்ரைஸ்டார் விமானம் தரையில் நின்றபடியே குண்டு வெடித்து உடைந்து 21 பேர் மரித்தார்கள். 2001 ஜூலை 24இல் அந்த விமான நிலையமும் விமானப்படைத் தளமும் தாக்கப்பட்டன. 2007 மார்ச்சில் வானத்திலிருந்தே குண்டு விழுந்தது. வேலியோரத்தில் நிற்கிறவனை வெறும் வேடிக்கை பார்ப்பவன் என்று நம்புவதற்கு இந்த நாடு யாரையும் பழக்கவில்லை. இது எங்கள் பேருக்கு மாத்திரம் நேர்வதுமல்ல. 2001 நவம்பரில் கிரேக்கத்தின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில், பொதுமக்களுக்காகத் திறந்துவைத்த நாளில், பன்னிரண்டு பிரித்தானியரும் இரண்டு ஒல்லாந்தரும் கைதானார்கள். குறிப்புப் புத்தகங்களில் விமான இலக்கங்களை எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். அடுத்த ஏப்ரலில் ஒற்றர்கள் என்று தீர்ப்பாகி, சிலருக்கு மூன்று வருடச் சிறையும் விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில், 2002 நவம்பரில், எல்லோரும் விடுதலையானார்கள். அவர்களுக்காக லண்டன் பத்திரிகைகள் பேசின, அரசாங்கமே பேசியது. எங்களில் ஒருவனுக்கு அப்படி நடந்தால் யார் பேசுவார் என்று நினைத்துப் பார்த்தேன். பெட்டிசன் எழுத ஒரு மௌலவியும் பிணை நிற்க ஒரு மச்சானும் கிடைத்தால் பெரிது.

வால் இலக்கத்தைப் பற்றி அன்று அவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு கதை இருக்கிறது. சொல்லியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும்.

காலித் அல்மஸ்ரி லெபனானில் வேர் கொண்ட ஜேர்மன் பிரஜை. 2003 டிசம்பர் 31இல் பஸ்ஸில் மசிடோனியா எல்லையைக் கடக்கும்போது பிடிக்கப்பட்டார். தேடப்பட்ட வேறொருவரின் பெயரும் இவரது பெயரும் ஒலியில் ஒன்றாக இருந்தன. நம்மவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை, எங்கள் ஊரில் ஒரே பெயரில் எத்தனை பேர். ஸ்கோப்யே நகரில் ஒரு ஹோட்டல் அறைக்குள் இருபத்துமூன்று நாட்கள் அடைத்து வைத்தார்கள். 2004 ஜனவரி 23இல் விமான நிலையத்தில் சீ.ஐ.ஏ. கையில் கொடுத்தார்கள். அடித்து, உடை களைந்து, கண்ணைக் கட்டி ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய் நான்கு மாதம் வைத்திருந்துவிட்டு, ஆள் தவறு என்று தெரிந்த பின்னும் உடனே விடாமல், மே மாத முடிவில் அல்பேனியாவில் ஒரு வீதியோரத்தில் இறக்கிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி அவர் சொன்ன கதையை நம்புவதற்கு யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

அவரைக் கொண்டுபோனது, விமானக் கம்பனி எதன் பெயரும் எழுதப்படாத ஒரு போயிங் 737. பதிவு இலக்கம் என்313பி. அதே ஜனவரி 23இல் ஸ்பெயினின் பல்மா டி மயோர்க்கா விமான நிலையத்தில் அது நின்றிருந்தபோது, என்னைப் போன்ற ஒரு வேலியோரத்துப் பேர்வழி அதைப் படமெடுத்திருந்தார். வேலையல்ல, பொழுதுபோக்கு. அந்தப் படமும் பறப்புப் பதிவேடுகளும் அவர் சொன்ன நாளோடும் இடத்தோடும் பொருந்தின. 2012 டிசம்பர் 13இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் சொன்னதை ஏற்று, மசிடோனியா 60,000 யூரோ நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இதற்கெல்லாம் முன்னரே, 2001 ஒக்டோபரில், கராச்சி விமான நிலையத்தில் நள்ளிரவுக்குப் பின் ஒரு யெமன் மாணவர் சிறிய ஜெட் ஒன்றில் ஏற்றப்பட்டதைப் பாகிஸ்தான் பத்திரிகையாளர் ஒருவர் எழுதியிருந்தார். செய்தியில் விமானத்தின் இலக்கத்தையும் சேர்த்திருந்தார்: என்379பி. பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்திரிகையாளர்கள் இந்த ஜெட்டைத் தேடியபோது அவர்களுக்குக் கைகொடுத்தவை விமானப் பைத்தியங்கள் பல வருடங்களாகச் சேர்த்து வைத்திருந்த படங்களும் குறிப்புகளும். விமானம் எங்கே எந்த நாளில் நின்றது என்பது யாரோ ஒருவரின் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. எதற்கென்று தெரியாமலே எழுதி வைத்திருந்தார்கள்.

2013இல் ஓப்பன் சொசைட்டி அமைப்பு வெளியிட்ட அறிக்கை இந்தக் கடத்தல்களில் ஏதோ ஒரு வகையில் பங்கேற்ற 54 நாடுகளைப் பட்டியலிட்டது. பல முஸ்லிம் நாடுகளின் பெயர்கள் அதில் இருந்ததைக் கண்டு எனக்கு ஆச்சரியம் வரவில்லை. இலங்கையின் பெயரும் இருந்தது. அதைப் படித்த இரவு நான் அந்த வருடங்களை எண்ணிப் பார்த்தேன். சமாதான ஒப்பந்த காலம். காக்காவை வழியனுப்பவும் ஹாஜிமாரை வரவேற்கவும் எங்களூர் வான்கள் அந்த விமான நிலையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தன. பெயரில்லாத ஜெட் ஒன்று அந்தத் தரையில் நின்றிருந்தால், எங்களில் யாருக்கு அதை அடையாளம் காணத் தெரிந்திருக்கும்? தெரிந்தவன் யாராவது வேலியோரத்தில் நிற்க முடிந்திருக்குமா?

இப்போது கைத்தொலைபேசியில் உலகத்து விமானங்களெல்லாம் மஞ்சள் பூச்சிகள் போல ஊர்கின்றன. தொட்டால் இலக்கம் வரும், எங்கிருந்து எங்கே என்பது வரும். லாத்தாவின் மகன் மருதமுனைக் கடற்கரையில் குந்தியிருந்து, மேலே போகும் வெள்ளைக் கீறலுக்குப் பெயர் சொல்கிறான். கெமரா எதற்கு மாமா என்கிறான். சில ஜெட்கள் அந்தத் திரையில் வருவதில்லை என்றேன். உரிமையாளர்கள் கேட்டுக்கொண்டால் மறைத்துவிடுவார்கள். அல்லது சமிக்ஞைக் கருவியையே நிறுத்திவிடலாம். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

'அப்ப அதுகள எப்புடி மாமா கண்டுபிடிக்கிற?'

போன வாடையில் அவனையும் களப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். காலை பத்து மணியளவில், திரையில் எதுவும் காட்டாத நேரத்தில், வெள்ளை நிறச் சிறிய ஜெட் ஒன்று தாழ்ந்து வந்தது. அவன் கொப்பியைத் திறந்து, நான் வாசிக்க வாசிக்க வாலிலிருந்த இலக்கத்தை எழுதி, பக்கத்தில் திகதியையும் நேரத்தையும் போட்டான்.