மோதிரம் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

1) முத்திரை பாருங்க. 916 என்றால் 22 காரட். 750 என்றால் 18 காரட்.

2) கவரிங் கம்மல் போட்டா காது அரிச்சு நீர் வடியுதா? பெரும்பாலும் நிக்கல் அலர்ஜிதான். சில வெள்ளைத் தங்க நகைகளிலும் நிக்கல் இருக்கும், கேட்டு வாங்குங்க.

3) முக்கியமானது இதுதான். கையில் அடிபட்டாலோ, பாம்பு கடித்தாலோ, வீங்குறதுக்கு முன்னாடியே மோதிரத்தைக் கழட்டிடுங்க. இறுகினா ரத்த ஓட்டம் நின்னு விரலே போயிடலாம். கர்ப்பிணிகளே, கை வீங்க ஆரம்பிச்சா நீங்களும் கழட்டி வைங்க.

4) மாட்டிக்கிச்சா? கையை உயர்த்தி வச்சு, சோப்பு தடவிப் பாருங்க. விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்கு வாங்க. வெட்டித்தான் எடுப்போம்.

"கல்யாண மோதிரம் டாக்டர், வெட்டாதீங்க"ன்னு கெஞ்சுறவங்க உண்டு. வெட்டின மோதிரத்தை ஆசாரி பத்தவச்சுத் தருவார். அழுகின விரலை என்னால ஒட்டித் தர முடியாதுங்க.